வலி மருந்து மிகுந்து மூச்சு குறையும்போது மூக்கில் அடிக்கும் நலாக்ஸோன் ஸ்ப்ரேயை யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?

உங்கள் தாத்தாவுக்குப் புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் கொடுக்கிறார்கள், கனடாவிலிருந்து வரும் மாமா நலாக்ஸோன் ஸ்ப்ரே வாங்கி வருவதாகச் சொல்கிறார், அது எதற்கு, யாராவது பயன்படுத்தியதுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் பயன்படுத்த நேர்ந்தது. ஸ்ப்ரேயை அழுத்தியது என் அக்கா. அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தது நான்.

எங்கள் வீடு புதுச்சேரி அரியாங்குப்பத்தில் இருக்கிறது. அப்பா ரோடியர் மில்லில் 30 வருடம் தறி ஓட்டியவர். புராஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புவரை போய்விட்டது. மாத்திரை விழுங்கினால் வாந்தியாக வந்துவிடுகிறது என்பதால், மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலி மருந்தான ஃபெண்டனில் உள்ள பேட்ச் எழுதிக் கொடுத்தார்கள். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய, மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டு அது. மேல்முதுகில் ஒட்டிவிட்டால் 72 மணி நேரம் தோல் வழியாக மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு மணிக்கு 25 மைக்ரோகிராம். கூடவே கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. பேட்ச் ஒட்டிய இடத்தில் சூடு படக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அம்மாவுக்கு அதை யாரும் தமிழில் சொல்லவில்லை. நானும் படித்துச் சொல்லவில்லை.

அது மார்கழி மாதம். பனியில் முதுகு இறுகிப்போய் அப்பா மூன்று இரவுகள் உட்கார்ந்தே கழித்தார். நான்காம் நாள் காலை அம்மா ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, முதுகில் ஒத்தடம் வைத்தார். ஆற ஆற மாற்றினார். மேலே கம்பளி. பதினோரு மணிக்குத் தொடங்கியது மூன்று மணிவரை நடந்தது. பேட்ச் அந்தப் பைக்கு நேர் கீழே இருந்தது. சூடு பட்டால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, மூன்று நாளுக்கு மெல்ல இறங்க வேண்டிய மருந்து வேகமாக இறங்கும். கடும் காய்ச்சல் வந்தாலும் இதே கதைதான்.

மூன்று மணிக்கு அப்பா குறட்டை விட்டுத் தூங்கினார். வீடே நிம்மதி அடைந்தது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தோம். அக்காவின் மகள் காலி டப்பாவை உருட்டி விளையாடியதற்குக்கூட அம்மா அதட்டினார். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்த மருந்து அளவு மீறும்போது அது ஆபத்தைப் போலவே இருக்காது. வலியில் துடித்த மனிதர் கடைசியில் கண் அயர்ந்துவிட்டார் என்றுதான் தோன்றும். அந்தக் குறட்டையும் வழக்கமான குறட்டை இல்லை. நாக்கு தளர்ந்து, தொண்டையில் நீர் கொப்புளிப்பது போன்ற சத்தம் இடைவெளி விட்டு விட்டு வரும்.

அக்காதான் அந்த இடைவெளியைக் கவனித்தாள். "மூன்று நாளாகத் தூங்காத மனிதர், எழுப்பாதே" என்று அம்மா தடுத்தார். அக்கா கேட்கவில்லை. கம்பளியை விலக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணினாள். ஐந்து. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12 முதல் 20வரை இருக்க வேண்டும். தோளை உலுக்கிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. விரல் முட்டியால் நெஞ்செலும்பின் நடுவில் அழுத்தித் தேய்த்தாள். முகம் சுளிக்கக்கூட இல்லை. இமையைத் தூக்கினால் கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. உதடு நீலமாகும் என்று எல்லா இடங்களிலும் எழுதியிருக்கிறார்கள். நம் நிறத்தில் அது எளிதில் தெரியாது. உதட்டை மடித்து உட்புறத்தைப் பாருங்கள், ஈறைப் பாருங்கள், நகக்கண்ணைப் பாருங்கள். அப்பாவின் உள்ளுதடு சாம்பல் பூத்திருந்தது.

"தம்பி, 108-ஐக் கூப்பிடு. மூச்சு விடவில்லை என்று முதலில் சொல். அப்புறம் விலாசம் சொல்" என்றாள். அந்த வரிசைகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் பேசி முடிப்பதற்குள் அவள் அப்பாவை ஒருக்களித்துப் பேட்சைப் பிய்த்து, அந்த இடத்தை வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்திருந்தாள். சோப்பு, ஸ்பிரிட், வெந்நீர் எதுவும் கூடாது. அவை மருந்தை இன்னும் உள்ளே இழுக்கும்.

அக்கா இருப்பது கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில். அங்கே இந்த ஸ்ப்ரேயை மருந்துக்கடையில் கேட்டாலே இலவசமாகத் தருகிறார்கள். அப்பாவுக்கு ஃபெண்டனில் என்று நான் போனில் சொன்ன வாரத்தில் அக்கா போய் வாங்கி வைத்திருக்கிறாள். சிறிய ஜிப் பை, அதற்குள் இரண்டு ஸ்ப்ரேக்கள், ஒரு ஜோடி கையுறை. ஒவ்வொரு ஸ்ப்ரேயிலும் ஒரே ஒரு அழுத்தலுக்கான மருந்துதான், 4 மில்லிகிராம். சளிக்கு அடிக்கும் ஸ்ப்ரே போல முதலில் காற்றில் அழுத்திப் பார்த்துவிடாதீர்கள். இருக்கிற மருந்து அவ்வளவும் வீணாகிவிடும்.

அப்பாவை மல்லாக்கப் படுக்க வைத்தோம். நான் பிடரிக்கு அடியில் கை கொடுத்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தேன். அக்கா கட்டைவிரலை ஸ்ப்ரேயின் அடியிலும் இரண்டு விரல்களை முனையின் இரு பக்கத்திலும் வைத்து, அந்த விரல்கள் மூக்கின் அடியில் முட்டும்வரை முனையை உள்ளே செலுத்தி, ஒரே அழுத்தாக அழுத்தினாள். 'டக்' என்று ஒரு சிறிய சத்தம். அவ்வளவுதான். நோயாளி உறிஞ்ச வேண்டியதில்லை. மூக்கின் உட்சவ்வே மருந்தை வாங்கிக்கொள்ளும். மூச்சே இல்லாதவருக்கும் கொடுக்க முடிவது அதனால்தான்.

பிறகு காத்திருக்க வேண்டிய நேரம் இரண்டு முதல் மூன்று நிமிடம். அந்த நேரத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு கழிக்கக் கூடாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அக்கா அப்பாவின் மோவாயைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஐந்து நொடிக்கு ஒரு முறை. ஒவ்வொரு ஊதலுக்கும் அவருடைய நெஞ்சு மெல்ல எழுந்தது. நான் சத்தமாக எண்ணினேன். அம்மா கால்மாட்டில் அமர்ந்து அப்பாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஸ்ப்ரேயை மற்ற நாசியில் அடிக்க வேண்டும். அக்கா அதற்குக் கையை நீட்டிய நேரத்தில் அப்பா தானாக ஒரு மூச்சை இழுத்தார். கிணற்றில் மூழ்கியவர் மேலே வந்து இழுப்பாரே, அப்படி. பிறகு இன்னொன்று.

கண் திறந்ததும் அவர் கத்தினார். வலி. மருந்து அடக்கி வைத்திருந்த வலியெல்லாம் ஒரே நேரத்தில் வந்திறங்கியது. வாந்தி எடுத்தார். புரையேறாமல் இருக்க உடனே ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏன் அம்மா எழுப்பினாய்? நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேனே" என்றார். அக்கா பதில் சொல்லாமல் அவருடைய வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இதையும் நீங்கள் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். உங்கள் தாத்தாவும் இப்படிக் கேட்கலாம்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அப்பா பேசிவிட்டதால், இனி மருத்துவமனை எதற்கு என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார். நல்ல எண்ணத்தில் கேட்டதுதான். அக்கா மறுத்துவிட்டாள். முருங்கப்பாக்கம் தாண்டி, மரப்பாலம் சிக்னல் நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது அப்பாவின் பேச்சு குழறியது, கண் செருகியது. மூச்சு மறுபடி நிமிடத்துக்கு ஆறாகக் குறைந்தது. ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஸ்ப்ரேயையும் அடிக்க வேண்டியிருந்தது. முதல் ஸ்ப்ரே அடித்து முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

ஏன் அப்படி என்பதை மருத்துவர் இரவில் விளக்கினார். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். மூளையில் மூச்சைக் கவனிக்கும் இடத்தில் ஒரு திண்ணை இருக்கிறது என்று வையுங்கள். ஓபியாய்டு மருந்து, அதாவது மார்ஃபின், ஃபெண்டனில் வகை வலி மருந்து, அதில் வந்து உட்கார்ந்தால் மூச்சு மந்தமாகும். நலாக்ஸோன் அதைவிட அழுத்தமான ஆள். இருப்பவரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் 30 முதல் 90 நிமிடத்தில் அது கிளம்பிவிடும். எழுப்பிவிடப்பட்டவர் எங்கும் போகவில்லை, தெருவில்தான் நிற்கிறார். திண்ணை காலியானதும் திரும்ப வந்து உட்காருவார். பேட்ச் ஒட்டியவருக்கோ, பிய்த்த பிறகும் தோலுக்கடியில் மருந்து தேங்கியிருக்கும். ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும். அதனால் அப்பாவுக்கு நலாக்ஸோனை டிரிப்பில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, இரண்டு இரவுகள் வைத்திருந்தார்கள்.

மருத்துவமனையில் சிறிய அளவில் கொடுப்பதால் மூச்சு திரும்பும், வலி நிவாரணம் முழுக்கப் போகாது. ஸ்ப்ரேக்கு அந்த நிதானம் கிடையாது, நான்கு மில்லிகிராமும் ஒரே அடியில் இறங்கும். எனவே உங்கள் தாத்தா அரைத்தூக்கமாக இருக்கிறார், ஆனால் கூப்பிட்டால் கண் திறக்கிறார், மூச்சும் சரியாக இருக்கிறது என்றால் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். வலி சிகிச்சை தரும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். எழுப்ப முடியவில்லை, மூச்சும் மிகக் குறைந்துவிட்டது என்றால் யோசிக்க வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. நோய் முற்றிய கடைசி நாட்களில் மருந்தால் அல்லாமலே மூச்சு தாறுமாறாகும். அந்தக் கட்டத்தில் என்ன செய்வது என்று இப்போதே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். கேட்கக் கடினமான கேள்வி, ஆனால் அந்த நேரத்தில் கேட்பது இன்னும் கடினம்.

மார்ஃபின் என்பதால் தாத்தாவின் சிறுநீரையும் கவனியுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, சரியாகத் தண்ணீர் குடிக்காமை ஆகியவற்றால் சிறுநீரகம் தளர்ந்தால் மார்ஃபினின் கழிவு உடலிலேயே தங்கும். நேற்றுவரை சரியாக இருந்த அதே அளவு இன்று அதிகமாகிவிடும். கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பது அதற்கு ஓர் அறிகுறி.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுச்சேரியிலும் கடலூரிலும் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது பெற்றோர்களுக்குத் தெரியாத செய்தி இல்லை. அந்த டேபென்டடால் மாத்திரையும் ஓபியாய்டுதான். நண்பன் இப்படிச் சாய்ந்துவிட்டால் மோர், எலுமிச்சைச் சாறு என்று வாயில் ஊற்றாதீர்கள், நேராக நுரையீரலுக்குப் போகும். தலையில் தண்ணீர் கொட்டுவதாலும் மூச்சு வராது. 108-ஐக் கூப்பிட்டு, மூச்சு ஊதிக்கொண்டு கூடவே இருங்கள். என்ன போட்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மது, தூக்க மாத்திரை சேர்ந்திருந்தால் நலாக்ஸோன் அவற்றை முறிக்காது, ஓபியாய்டை மட்டும் முறிக்கும். என்ன போட்டான் என்றே தெரியாவிட்டாலும் கொடுக்கலாம். ஓபியாய்டு இல்லாத உடலில் அதனால் கேடு இல்லை. போலீசுக்குப் பயந்து ஓடிவிடுகிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டத்திலேயே, சொந்த உபயோகத்துக்காகவோ சிறிய அளவு போதைப்பொருளுக்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. 14446 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

நலாக்ஸோன் புதிய மருந்தும் இல்லை. 1971-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூக்கு ஸ்ப்ரேயாக 2015-ல் வந்தது, 2023-ல் அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க அனுமதித்தார்கள். நம் மருத்துவமனைகளில் ஊசி மருந்தாக இருக்கிறது. ஃபெண்டனிலும் மார்ஃபினும் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த ஸ்ப்ரேயும் கூடவே போக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கூடவே தமிழில் ஒரு தாளும்.

வீடு திரும்பியதும் உறவினர்கள், இந்த விஷ மருந்தே வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்றார்கள். நிறுத்தவில்லை. அப்பாவுக்கு அந்த மருந்து தேவையாக இருந்தது. அதே 25 மைக்ரோகிராம் பேட்சை, சூடு படாமல், இன்னும் ஐந்து மாதம் ஒட்டினோம். பெரும்பாலான இரவுகளில் படுத்துத் தூங்கினார். ஒத்தடம் வைத்த தன் கையைப் பல நாள் அம்மா வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் எவ்வளவு சொல்லியும் ஆறவில்லை. பிறகு அவராகவே ஒரு பழைய பால் கணக்கு நோட்டை எடுத்து, தினமும் காலையும் இரவும் அப்பாவின் மூச்சை எண்ணி எழுதத் தொடங்கினார். காலை 15, இரவு 13, காலை 14.

நீங்களும் இன்றிரவே தொடங்குங்கள். தாத்தா நன்றாகத் தூங்கும்போது எண்ணினால்தான் அவருக்கு எது வழக்கம் என்று தெரியும். நீங்கள் எண்ணுவது அவருக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் மூச்சு மாறிவிடும். போர்வையைக் கொஞ்சம் இறக்கி, நெஞ்சின்மேல் கண்ணை வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். மாமா வந்ததும் ஸ்ப்ரேயைப் பீரோவில் பூட்டி வைக்காமல், வெயில் படாத இடத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில், வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள்.