எல்சாவைப் பார்க்க 5 நிமிடம்: ஃப்ரோசன் படகுக்காக டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்கு அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகிறோம். மகளுக்கு 7 வயது, டிஸ்னியின் ஃப்ரோசன் கார்ட்டூன் படத்தில் வரும் பனி ராணி எல்சா என்றால் சரியான பைத்தியம். ஃப்ளோரிடா டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ஃப்ரோசன் படகு ரைடு இருக்கிறதாமே, அதற்காகவே ஒரு நாள் டிக்கெட் எடுக்கலாம் என்று நினைத்தேன். தங்கையோ, "படம் பிடித்தவர்களுக்குத்தான் அது ஏமாற்றம், படமே பார்க்காதவர்கள் சந்தோஷமாக இறங்கி வருகிறார்கள்" என்கிறாள். அது எப்படி? நான்கு பேருக்கு டிக்கெட், அதற்கு மேல் வரிசையைத் தாண்டுகிற பாஸ் வேறு. போகலாமா வேண்டாமா, நேராகச் சொல்லுங்கள்.
(கோவை வாசகி)

பதில்: எப்காட்டுக்குப் போங்கள். அந்த ஒரு ரைடுக்காக மட்டும் போகாதீர்கள்.

உங்கள் தங்கை சொன்னது வேடிக்கையாகத் தோன்றினாலும் உண்மை. காரணம் கொஞ்சம் பழையது. இந்த ரைடு ஃப்ரோசனுக்காகக் கட்டியதே இல்லை. எப்காட்டில் நாட்டுக்கு ஒன்றாகக் கூடங்கள் இருக்கின்றன. அதில் நார்வே கூடத்தில் 1988-இல் மேல்ஸ்ட்ராம் என்று ஒரு படகு ரைடைத் திறந்தார்கள். வைக்கிங்குகள், ட்ரால் என்கிற பூதங்கள், பனிக்கரடி, வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடை என்று நார்வேயைச் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் அந்த நாட்டைப் பற்றி ஒரு குறும்படமும் போடுவார்கள். 2013 கடைசியில் ஃப்ரோசன் வந்தது, ஊர் உலகமெல்லாம் அதில் எல்சா பாடும் 'லெட் இட் கோ' பாட்டைப் பாடியது, அடுத்த வருஷம் அக்டோபரிலேயே மேல்ஸ்ட்ராமை மூடிவிட்டார்கள். 2016 ஜூன் 21 அன்று அதே இடத்தில் 'ஃப்ரோசன் எவர் ஆஃப்டர்' திறந்தது. அதே வாய்க்கால், அதே படகு, அதே ஏற்றம், அதே சறுக்கல். பொம்மைகளும் காட்சிகளும் பாட்டும்தான் புதுசு.

அதனால் என்ன, வாய்க்கால் பழசாக இருந்தால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பீர்கள். ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன், புரிந்துவிடும். படகு மேலே ஏறிப் போகிறது, பனி மாளிகையின் கதவு திறக்கிறது, எல்சா நின்று அந்தப் பிரபலமான பாட்டைப் பாடுகிறாள். உங்கள் மகள் இதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருப்பாள். சரியாக அந்த நேரத்தில் எல்சா கையை வீச, படகு பின்னோக்கி நகர ஆரம்பித்துவிடுகிறது! ஏன் தள்ளுகிறாள்? படத்தில் அதற்கு ஒரு காரணமும் கிடையாது. காரணம் 1988-இல் இருக்கிறது. மேல்ஸ்ட்ராமில் அந்த இடத்தில்தான் ஒரு பூதம் கோபப்பட்டுப் படகைப் பின்னால் விரட்டும், அதற்குத் தோதாகத்தான் தண்ணீர்த் தடத்தையே போட்டார்கள். இப்போது பூதம் செய்த வேலையை எல்சா செய்கிறாள். கதைக்குத் தடம் போடவில்லை, தடத்துக்குக் கதையை வளைத்திருக்கிறார்கள். படம் பார்க்காதவருக்கு "அட, பின்னால் போகுதே" என்று ஒரு குஷி. எல்சாவை வசனம் வசனமாகத் தெரிந்து வைத்திருக்கிற குழந்தைக்கு, இன்னும் கொஞ்சம் பார்ப்பதற்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்களே என்று இருக்கும்.

இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்த ரைடு படத்தின் கதையைச் சொல்வதே இல்லை. எல்சாவின் தங்கை அன்னா தன்னையே கொடுத்து அக்காவைக் காப்பாற்றினாளே, அந்த நாளை நினைத்து ஊரே கொண்டாடுகிற ஒரு 'கோடைப் பனி நாள்' விழாவுக்கு நீங்கள் விருந்தாளியாகப் போகிறீர்கள், அவ்வளவுதான். வில்லன் ஹான்ஸ் கிடையாது, அக்கா தங்கை பிரிவு கிடையாது, அன்னா பனியாக உறைந்து நிற்கிற அந்த இடம் கிடையாது. எல்லாம் முடிந்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். தாலி கட்டுவதைப் பார்க்க ஊர் விட்டு ஊர் வந்தவரை நேராக மறுவீட்டு விருந்தில் உட்கார வைத்த மாதிரி. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நாம் வந்தது அதற்காக இல்லையே.

இது ஒரு இடத்தில் மட்டும் நடப்பதும் இல்லை. யுனிவர்சல் பூங்காக்களில் இருக்கும் மினியன் ரைடையே பாருங்கள் (மஞ்சள் நிறக் குட்டிக் கார்ட்டூன் ஆட்கள்தான் மினியன்கள்), அங்கேயும் அவர்களின் முதலாளி க்ரூ மூன்று பெண் குழந்தைகளைத் தத்தெடுத்த நாளின் கொண்டாட்டம்தான் கதை. அவர் தத்தெடுப்பதை நாம் பார்ப்பதில்லை. வில்லனையும் அழுகையையும் திருப்பத்தையும் சில நிமிடத்துக்குள் அடக்க முடியாது, ஆண்டு விழா என்றால் எல்லாக் கதாபாத்திரமும் வந்து கையாட்டிவிட்டுப் போகலாம். வடிவமைப்பவர்களுக்கு வசதி. கதையைச் சொல்லத் துணிந்த இடத்திலும் இதே சிக்கல்தான். டிஸ்னியின் லிட்டில் மெர்மெய்ட் என்கிற கடல்கன்னிப் பட ரைடு (கலிபோர்னியாவில் 2011, ஃப்ளோரிடாவில் 2012) படத்தின் கதையை வரிசையாகவே சொல்லிக்கொண்டு வரும், கடலுக்கடியில் பாட்டுக்குப் பெரிய மண்டபமே கட்டியிருக்கிறார்கள், ஆனால் கடைசிச் சண்டை வரும்போது வில்லி உர்சுலா எங்கோ ஒரு ஓரத்தில் சின்னதாக ஒழிந்துபோவாள், திரும்பினால் கல்யாணம். ரசிகர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி நொந்துகொள்கிறார்கள்.

அப்புறம் நேரக் கணக்கு. படம் 102 நிமிடம். ரைடு ஏறக்குறைய 5 நிமிடம். கூட்ட நாளில் அந்த 5 நிமிடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே போனால் இன்னும் மோசம். நிற்க நிற்க எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போகும், அதுதான் வம்பே. வரிசையில் நிற்காமல் நடந்து போய் ஏறியவர் "நல்லாதான் இருக்கு" என்பார், ஒன்றரை மணி நேரம் நின்று ஏறி அதே படகில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "இவ்வளவுதானா" என்பார்.

பொம்மைகளின் முகத்தைப் பற்றியும் நிறையப் புகார் உண்டு. கை, தோள் அசைவெல்லாம் அசத்தலாக இருக்கும், ஆனால் திறந்தபோது முகத்தை உள்ளிருந்து வெளிச்சம் பாய்ச்சிக் காட்டுகிற முறையில் செய்திருந்தார்கள், அதனால் உடம்பு பொம்மையாகவும் முகம் மட்டும் டிவி திரை மாதிரியும் ஒளிரும். 2023 நவம்பரில் ஹாங்காங் டிஸ்னியில் இதே ரைடைத் திறந்தபோது நிஜமாகவே அசைகிற முகங்களை வைத்தார்கள், அதே மாதிரி எப்காட்டிலும் மாற்றப்போவதாக 2025-இல் அறிவித்தார்கள். ஆக இந்தப் புகாருக்கு ஆயுசு குறைவு. பின்னோக்கிப் போகிற படகுக்கு மாற்று ஒன்றும் இல்லை. படத்தின் கதைக்காகவே புதிதாகக் கட்டிய படகு ரைடு வேண்டுமென்றால் டோக்கியோ டிஸ்னிசீயில் 2024 ஜூனில் திறந்ததுதான், அது படத்தின் கதையையே ஆரம்பத்திலிருந்து சொல்கிறது, என்ன, பாட்டெல்லாம் ஜப்பானிய மொழியில்.

மொழி என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் மகள் இரண்டாம் பாகத்தைத் தமிழில் பார்த்தவளா? அப்படியென்றால் அவளுடைய எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல். ரைடில் ஆங்கிலக் குரல்கள்தான், படத்தில் பேசிப் பாடிய அதே நடிகர்கள். பனிப் பொம்மை ஓலாஃப் பாடும் பாட்டுக்கு வரிகளைக் கூட மாற்றியிருக்கிறார்கள். போவதற்கு முன் ஆங்கிலப் பாட்டைக் காரில் நாலு தடவை போட்டுவிடுங்கள், போதும்.

சரி, பணத்துக்கு வருவோம். நீங்கள் வாங்குவது பூங்காவுக்குள் நுழைகிற உரிமையை, ரைடை இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் மாட்டுகிறார்கள். ரைடு பழுதாகி நின்றாலும், பராமரிப்புக்கு மூடியிருந்தாலும் டிக்கெட் பணம் திரும்ப வராது. ஆகவே தேதி முடிவு செய்யும் முன்னால் டிஸ்னியின் தளத்தில் பராமரிப்புக்கு மூடும் ரைடுகளின் பட்டியலைப் பாருங்கள். டிக்கெட் விலையும் தேதிக்குத் தேதி மாறும், டிசம்பர் முதல் பாதிக்கும் கடைசி வாரத்துக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும், முடிந்தால் முன்னாடி போங்கள்.

வரிசையைத் தாண்டும் பாஸுக்கு இப்போது லைட்னிங் லேன் என்று பெயர். ஒரு காலத்தில் இலவசமாக இருந்தது, 2021-இலிருந்து காசு. தலைக்கு இவ்வளவு என்பதால் நான்கு பேருக்கு நான்கு மடங்கு. டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் 7 நாள் முன்னாலும் மற்றவர்கள் 3 நாள் முன்னாலும் எடுக்கலாம், தங்கை வீட்டில் தங்குவதால் உங்களுக்கு 3 நாள்தான். இந்த ஒரு படகுக்காக அதை வாங்குவது, கேட்டால் வேண்டாம் என்பேன். பூங்கா திறக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் நின்று, உள்ளே விட்டதும் வேறெங்கும் பராக்குப் பார்க்காமல் நேராக நார்வே கூடத்துக்கு நடங்கள். இல்லாவிட்டால் ராத்திரி மூடுகிற நேரத்தில் போங்கள். உயரக் கட்டுப்பாடு கிடையாது, ஒரு சின்னச் சறுக்கல் உண்டு, லேசாக நனையலாம்.

எல்சா பைத்தியத்துக்கு நிஜமான மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. அதே நார்வே கூடத்தில், ரைடுக்குப் பக்கத்திலேயே, ராயல் சமர்ஹஸ் என்று ஒரு மர வீடு. அங்கே எல்சாவும் அன்னாவும் வேஷத்தில் நிற்பார்கள், பேசுவார்கள், கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், தனிக் காசு இல்லை. 7 வயதுக்காரிக்கு 5 நிமிடப் படகை விட எல்சா தன் பெயரைக் கேட்டதுதான் வருஷக்கணக்கில் ஞாபகம் இருக்கும். இன்னொரு நாள் டிஸ்னி ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவுக்கும் போவதாக இருந்தால், அங்கே ஃப்ரோசன் பாட்டுகளை மேடையில் நடித்து நம்மையும் கூடப் பாட வைக்கிற அரை மணி நேர நிகழ்ச்சி நடக்கிறது. அதில் கதை இருக்கிறது, ஹான்ஸ் கூட இருக்கிறான்.

ஒரு சின்ன விஷயம். ரைடு முழுவதையும் யாரோ படகிலிருந்து எடுத்த வீடியோவாக இணையத்தில் பார்க்கலாம். நீங்கள் பாருங்கள், மகளுக்குக் காட்டாதீர்கள். நான் ஒரு தடவை (எந்தப் பூங்கா என்பது வேண்டாம்) அக்கா பையனுக்கு ஆசையாக முன்கூட்டியே காட்டிவிட்டேன். அங்கே போனதும் ஒவ்வொரு திருப்பத்திலும் "அடுத்து இதுதான் மாமா வரும்" என்று அவனே எனக்கு வர்ணனை சொல்லிக்கொண்டு வந்தான்.

கேள்வி: ஒரு டிராவல் ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுத் தீம் பார்க் டிக்கெட் வாங்கினோம். "வரிசையில் நிற்காமல் எல்லா ரைடும்" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பினார். அங்கே போனால் அது சாதாரண டிக்கெட். "பூங்காவின் விதி, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்.
(சேலம் வாசகர்)

பதில்: பூங்காவின் விதி பூங்காவுக்கு. உங்களிடம் அந்த வாக்குறுதியைக் கொடுத்துக் காசு வாங்கியவர் இந்த ஏஜென்ட், அவர் இருப்பது இந்தியாவில். "குழந்தைகள் மெய்மறப்பார்கள்" என்று எழுதியிருந்தால் அது வியாபாரப் பேச்சு, விட்டுவிடலாம். "வரிசையில் நிற்க வேண்டாம்" என்பது சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்குறுதி. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம் என்று கேட்கலாம்.

அந்த வாட்ஸ்அப் செய்தி, பணம் கட்டிய ரசீது, டிக்கெட், மூன்றையும் பத்திரமாக வையுங்கள். முதலில் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், போனில் பேசிப் பிரயோஜனம் இல்லை. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம், ஏஜென்ட் வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரில் போடச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 2 வருஷத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூர் யுனிவர்சலில் மடகாஸ்கர் படகு ரைடு நன்றாக இருக்கும் என்று 2015-இல் போன நண்பர் சொன்னார். குழந்தைகள் அந்தப் பென்குவின்களுக்காகவே வருகிறார்கள். பாஸ் எடுக்கலாமா?
(மதுரை வாசகர்)

பதில்: அது இப்போது இல்லை. 2022 மார்ச்சில் மூடிவிட்டார்கள். அந்தப் பகுதியில் மினியன் லேண்ட் கட்டி 2025 பிப்ரவரியில் திறந்திருக்கிறார்கள். நண்பரின் நினைவை நம்பிக் குழந்தைகளிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள், சொல்லியிருந்தால் கிளம்புவதற்கு முன்பே பென்குவின் கதையை முடித்துவிடுங்கள், அங்கே போய் வாசலில் அழ வைக்க வேண்டாம். மினியன் பிடிக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அங்கே பெரிய ரைடு, அசைகிற இருக்கையில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிற வகை. உயரக் கட்டுப்பாடும் இருக்கும், சின்னவர்களை அளந்து பார்த்துவிட்டு எடுங்கள். இதில் ஒரு தமாஷ், இந்த மினியன் ரைடின் மூலப் பிரதி ஓர்லாண்டோவில் 2012-இல் வந்தது, அதுவும் புதுக் கட்டடம் இல்லை. 1990-இல் வேறு கார்ட்டூன்களுக்கும் 2003-இல் இன்னொரு கார்ட்டூனுக்கும் இருந்த அதே அரங்கம், அதில் மினியன் மூன்றாவது படம்!