வயது வந்த பிள்ளையை வெளிநாட்டுக்கு அழைத்துக்கொள்வது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘பிள்ளை’ என்ற ஒரே சொல்லில் வந்து முட்டி நிற்கின்றன. அமெரிக்கச் சட்டத்தில் 21 வயது நிரம்பாத, திருமணமாகாத ஒருவர்தான் பிள்ளை. கனடாவில் அந்த எல்லை 22, பிரிட்டனில் 18, ஆஸ்திரேலியாவில் 18 என்றாலும், முழுநேர மாணவராக இருப்பவருக்கு 25 வரை நீள்கிறது. எல்லையைத் தாண்டியவருக்குச் சில நாடுகளில் வேறு வரிசை இருக்கிறது, சிலவற்றில் வரிசையே இல்லை. வரிசை இருக்கும் நாடுகளில்கூட, தகுதி இல்லாமல் கெட்ட விண்ணப்பங்களைவிட, திருமணம், குடியுரிமை, பிறந்தநாள் ஆகிய மூன்றும் முறை மாறி வந்ததால் கெட்ட விண்ணப்பங்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறேன். 27 வயது மகனுக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐ-130 எனப்படும் குடும்பக் குடியேற்ற விண்ணப்பம் போட்டேன். இப்போது அவனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. நான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இன்னும் ஓராண்டு ஆகும். அதற்குள் திருமணத்தை நடத்திவிடலாமா?

பதில்: நடத்தக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை; ஆனால் நடத்தினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டாக வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் திருமணமாகாத மகனுக்கோ மகளுக்கோ மட்டுமே விண்ணப்பிக்க முடியும். எஃப்2பி எனப்படும் அந்தப் பிரிவுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 26,000 விசாக்கள் ஒதுக்கப்படுகின்றன. கிரீன் கார்டுதாரரின் திருமணமான பிள்ளைக்கென்று எந்தப் பிரிவும் சட்டத்தில் இல்லை. ஆகவே நீங்கள் குடியுரிமை பெறுவதற்கு முன் மகனுக்குத் திருமணம் ஆனால், அந்த நாளிலேயே விண்ணப்பம் தானாக ரத்தாகிவிடும். பிறகு நீங்கள் குடியுரிமை பெற்றாலும் அது உயிர் பெறாது. புதிய விண்ணப்பம் போட்டுப் புதிய முன்னுரிமைத் தேதியோடு (வரிசையில் இடத்தைத் தீர்மானிக்கும், விண்ணப்பம் போட்ட தேதி) வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான். மூன்று ஆண்டுக் காத்திருப்பு வீணாகும்.

அதே திருமணம் நீங்கள் குடியுரிமை பெற்ற பிறகு நடந்தால் கதை வேறு. குடியுரிமை கிடைத்ததும் விண்ணப்பம், குடிமக்களின் திருமணமாகாத வயது வந்த பிள்ளைகளுக்கான எஃப்1 பிரிவுக்கு மாறும். அதன் பின் திருமணமானால், குடிமக்களின் திருமணமான பிள்ளைகளுக்கான எஃப்3 பிரிவுக்கு மாறும். பழைய முன்னுரிமைத் தேதி இரண்டிலும் தொடரும். இங்கே கணக்கில் கொள்ள வேண்டியது நேர்காணலில் தேறிய நாளை அல்ல, குடியுரிமை உறுதிமொழி எடுத்துக்கொண்ட நாளை. நேர்காணல் முடிந்த மகிழ்ச்சியில் முகூர்த்தத்தைக் குறித்து, உறுதிமொழி விழா இரண்டு வாரம் தள்ளிப்போனதால் எல்லாவற்றையும் இழந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன்.

எஃப்3 வரிசை நீளமானது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்தத் தேதி வரையிலானவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினை அண்மை ஆண்டுகளில் பார்த்தால், திருமணமாகாதவருக்கான எஃப்1 பிரிவில் காத்திருப்பு ஏறத்தாழ 9 ஆண்டுகள், திருமணமானவருக்கான எஃப்3 பிரிவில் ஏறத்தாழ 14 ஆண்டுகள். ஒரே ஆறுதல், எஃப்3 பிரிவில் மருமகளும் 21 வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளைகளும் உடன் வரலாம். பணம் கொடுத்தால் தேதியை முன்னே நகர்த்தித் தருவதாகச் சொல்லும் முகவர்கள் உண்டு. அப்படி நகர்த்துவதற்கு வழியே கிடையாது.

திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டால் தெரியாது என்று யாராவது யோசனை சொன்னால் செவிகொடுக்காதீர்கள். நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுமா என்பதே கேள்வி. பதிவுச் சான்றிதழ் இல்லை என்பதாலேயே ஒருவர் திருமணமாகாதவர் ஆகிவிட மாட்டார். விசா நேர்காணலில் திருமணத்தை மறைத்தது தெரியவந்தால், பொய்யுரைத்த குற்றத்துக்காக நிரந்தரத் தடையே விழலாம்.

கேள்வி: கிரீன் கார்டில் இருக்கும் என் கணவர் எங்கள் மகளுக்காக அவளுடைய 18-ஆம் வயதில் விண்ணப்பித்தார். இந்த ஆண்டு அவளுக்கு 21 ஆகிறது. அவள் பிரிவு மாறிவிடுவாளா?

பதில்: மாறலாம், மாறாமலும் போகலாம். 2002 ஆகஸ்ட் 6 முதல் நடைமுறையில் உள்ள குழந்தைநிலைப் பாதுகாப்புச் சட்டம், அரசு விண்ணப்பத்தைப் பரிசீலிக்க எடுத்துக்கொண்ட காலத்தை மகளின் வயதிலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. விசா எண் கிடைக்கும் நாளில், அதாவது வரிசையில் அவள் முறை வரும் நாளில், அவளுக்கு 21 வயது 8 மாதம் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் போட்ட நாளுக்கும் அது அங்கீகரிக்கப்பட்ட நாளுக்கும் இடையே 14 மாதம் கழிந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அவளுடைய வயது 20 ஆண்டு 6 மாதம். அவள் இன்னும் பிள்ளைதான். ஆனால் விசா எண் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் குடியேற்ற விசாவுக்கான அடுத்த நடவடிக்கையை அவள் எடுத்தாக வேண்டும், திருமணமாகாமலும் இருக்க வேண்டும். கழிக்கக் கிடைப்பது பரிசீலனைக் காலம் மட்டுமே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்ட பின் வரிசையில் நின்ற ஆண்டுகள் கழிபடா.

கணக்கு கைகொடுக்காவிட்டால் விண்ணப்பம் எஃப்2பி பிரிவுக்கு மாறும், முன்னுரிமைத் தேதி அப்படியே இருக்கும். உங்கள் கணவர் குடியுரிமை பெறத் தகுதியடைந்திருந்தால் அதற்கு முன்பே ஒரு வழி இருக்கிறது. மகளுக்கு 21 நிரம்புமுன் அவர் உறுதிமொழி எடுத்துவிட்டால், அந்த நாளின் வயதோடு மகளின் வயது உறைந்துவிடும். ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பே இல்லாத நெருங்கிய உறவினர் பிரிவில் அவள் வருவாள். 21-ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள் எடுத்தால் ஏறத்தாழ 9 ஆண்டு வரிசை. ஒரு நாள் வேறுபாட்டுக்கு இவ்வளவு விலை வைத்திருக்கும் விதி இத்துறையில் வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: கனடாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) பெற்றுவிட்டோம். எங்கள் 24 வயது மகன் கல்லூரியில் படிக்கிறான். செலவு முழுவதும் எங்களுடையது. முழுநேர மாணவன் என்றால் வயது வரம்பு இல்லை என்கிறார்களே?

பதில்: ஒரு காலத்தில் அது உண்மை. 2014 ஆகஸ்டில் வயது எல்லையை 19-க்குக் குறைத்தபோது மாணவருக்கான விலக்கையும் நீக்கிவிட்டார்கள். 2017 அக்டோபர் 24-இல் எல்லை 22-க்கு உயர்ந்தது, ஆனால் மாணவர் விலக்கு திரும்பவில்லை. இப்போது 22 நிரம்பியவர், உடல் அல்லது மனநலக் குறைபாட்டால் தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாதவராகவும், 22 வயதுக்கு முன்பிருந்தே பெற்றோரின் பணத்தை நம்பியிருப்பவராகவும் இருந்தால் மட்டுமே சார்ந்திருக்கும் பிள்ளையாகக் கருதப்படுவார்.

ஆகவே உங்கள் மகன் தன் தகுதியில் வருவதே நடக்கக்கூடிய வழி. திறன் தொழிலாளர்களைப் புள்ளிக் கணக்கில் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் ஒரு வேடிக்கை உண்டு. கூட்டாட்சித் திறன் தொழிலாளர் திட்டத்துக்குள் நுழையத் தேவையான 67 புள்ளிகளில், கனடாவில் பெற்றோர் இருப்பதற்கு 5 புள்ளி கிடைக்கும். ஆனால் அழைப்பைத் தீர்மானிக்கும் தரவரிசையில் அங்கே குடியிருக்கும் அக்காவுக்கோ அண்ணனுக்கோ 15 புள்ளி உண்டு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எதுவும் இல்லை. உங்களுக்கு மூத்த பிள்ளை ஒருவர் கனடாவில் பி.ஆர். பெற்றிருந்தால் அதை விண்ணப்பத்தில் காட்ட மறக்காதீர்கள்.

இன்னொரு குறுகிய வாசலும் உண்டு. வாழ்க்கைத்துணை, பெற்றோர், உடன்பிறந்தார், மாமா, அத்தை போன்ற உறவினர் எவரும் கனடாவில் குடிமகனாகவோ பி.ஆர். பெற்றவராகவோ இல்லாமலும், ஸ்பான்சர் செய்யத் தகுதியான துணையோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ வெளிநாட்டில் இல்லாமலும் தனித்திருப்பவர், எந்த வயதிலும் உள்ள ஒரே ஒரு உறவினரை அழைத்துக்கொள்ளலாம். பெற்றோரை இழந்து, கணவரையும் இழந்து தனியாக வாழும் தாய், வயது வந்த ஒரே மகனை இவ்வழியில் அழைத்திருக்கிறார்கள். கணவனும் மனைவியுமாக இருக்கும் உங்களுக்கு இது பொருந்தாது.

கேள்வி: கனடாவுக்கு விண்ணப்பித்தபோது என் முதல் திருமணத்தின் மகளைப் படிவத்தில் குறிப்பிடவில்லை. அவளுக்கு இப்போது 20 வயது. இனி ஸ்பான்சர் செய்யலாமா?

பதில்: குடியேறியபோது அறிவிக்கப்படாத, பரிசோதனைக்கு உட்படாத குடும்ப உறுப்பினரைப் பின்னர் குடும்பப் பிரிவில் அழைக்க முடியாது என்பது பொது விதி. அந்தத் தடைக்குக் கால வரம்பும் கிடையாது. 2019 செப்டம்பரில் வந்த சிறப்புக் கொள்கை, அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும், துணைவராக அல்லது பிள்ளையாக ஸ்பான்சர் செய்யப்பட்டு வந்தவர்களுக்கும் விலக்கு அளித்தது. அறிவித்திருந்தாலும் உங்கள் தகுதி பாதிக்கப்பட்டிருக்காது என்பதும் அதில் ஒரு நிபந்தனை. நீங்கள் எந்தப் பிரிவில் வந்தீர்கள் என்று எழுதவில்லை. அதுதான் பதிலைத் தீர்மானிக்கும். முழுமையான விண்ணப்பம் சென்று சேரும் நாளின் வயதே கணக்கு என்பதால், 22 ஆகும்வரை காத்திராமல் உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: பிரிட்டனில் நிரந்தர வசிப்புரிமையுடன் தனியாக வாழ்கிறேன். 30 வயது மகள் என்னுடன் வந்து இருக்க விரும்புகிறாள். அவள் ஆரோக்கியமாக இருக்கிறாள்.

பதில்: அந்த ஆரோக்கியமே இங்கு தடை. 2012 ஜூலை முதல் உள்ள விதிகளின்படி, வயது வந்த சார்ந்திருக்கும் உறவினர் என்ற பிரிவில் வருபவர், முதுமையாலோ நோயாலோ குறைபாட்டாலோ அன்றாடக் காரியங்களுக்கே பிறர் உதவி தேவைப்படுபவராகவும், அந்த உதவியைத் தன் நாட்டில் பெற இயலாதவராகவும் இருக்க வேண்டும். உதவி தேவைப்படுபவர் நீங்களாக இருந்தாலும் விதி அதைப் பார்க்காது. படிப்பு விசா, வேலை விசா ஆகியவற்றை மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: அடிலெய்டில் இருக்கிறோம். 23 வயது மகள் பட்டப்படிப்பு முடித்து ஓராண்டு வேலை பார்த்துவிட்டு இப்போது மேற்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். பிள்ளை விசா கிடைக்குமா?

பதில்: சிரமம். 18 வயதுக்கு மேற்பட்டவர் 25 நிரம்பாதவராக, திருமணமோ நிச்சயமோ ஆகாதவராக, பெற்றோரைச் சார்ந்தவராக இருப்பதோடு, பள்ளி முடித்ததிலிருந்து தொடர்ந்து முழுநேரம் படித்து வந்திருக்கவும் வேண்டும். ஓராண்டு வேலை அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிட்டது.

ஆனால் நீங்கள் அடிலெய்டில் இருப்பது நல்லதாயிற்று. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்களும் நீங்கலாக மற்ற இடங்கள் வட்டாரப் பகுதியாகக் கருதப்படுவதால், அங்கே வாழும் பெற்றோர் 491 என்ற திறன் விசாவுக்குத் தம் பிள்ளையை ஸ்பான்சர் செய்யலாம். அதற்கு 15 புள்ளிகள் கிடைக்கும். மகளின் தொழில், அந்த விசாவுக்கான தொழில்களின் பட்டியலில் இருக்க வேண்டும், திறன் மதிப்பீட்டிலும் ஆங்கிலத் தேர்விலும் தேற வேண்டும். குறைந்தபட்சம் 65 புள்ளி வேண்டும், எனினும் அழைப்பு அதைவிட அதிகம் பெற்றவர்களுக்கே முதலில் போகும். ஐந்தாண்டுக்குச் செல்லும் இந்த விசாவில் மூன்று ஆண்டு வாழ்ந்தபின் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். மேற்படிப்பின் பாடத்தை இந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை மீண்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பிரெஞ்சுக் குடிமகன், ஜெர்மனியில் வேலை செய்கிறேன். 26 வயது மகன் ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கிறான்.

பதில்: சொந்த நாட்டைவிட்டு இன்னோர் உறுப்பு நாட்டில் வாழும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனுக்கு 2004-ஆம் ஆண்டின் 38-ஆம் ஆணை பொருந்தும். அதன்படி 21 வயதுக்கு மேற்பட்ட மகனும் உங்கள் பொருளுதவியைச் சார்ந்திருந்தால் உடன் வந்து வாழலாம். உங்கள் மனைவியின் பிள்ளைக்கும் இதே உரிமை உண்டு. சார்ந்திருப்பதை நிரூபிக்க, வேலை தேடிக் கிடைக்கவில்லை என்று காட்டச் சொல்லக் கூடாது என 2014-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நீண்ட காலம் முறையாக அனுப்பி வந்த பணத்தின் வங்கி ரசீதுகளே உங்கள் வலுவான சான்று. கையில் கொடுத்தனுப்பிய பணத்துக்குச் சான்று ஏது? நீங்கள் பிரான்சிலேயே இருந்திருந்தால் இந்த உரிமை கிடைத்திராது, பிரெஞ்சு உள்நாட்டுச் சட்டமே பொருந்தியிருக்கும்.

கேள்வி: அமெரிக்க வரிசையில் இருக்கும் மகள், இடையில் எங்களைப் பார்க்க சுற்றுலா விசா கேட்கலாமா? ஐ-130 பற்றிச் சொல்லாமல் விடலாமா?

பதில்: கேட்கலாம், சொல்லாமல் விடக் கூடாது. சுற்றுலா விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில் உங்களுக்காக யாராவது குடியேற்ற விண்ணப்பம் போட்டிருக்கிறார்களா என்ற கேள்வியே இருக்கிறது, விடையும் அவர்கள் கணினியில் இருக்கிறது. சுற்றுலா, மாணவர் விசாக்களில் விண்ணப்பதாரர் குடியேறவே வருகிறார் என்று கருதுவதுதான் சட்டத்தின் தொடக்கநிலை. திரும்பி வரக் காரணமான வேலை, குடும்பம், சொத்து ஆகியவற்றைக் காட்டி அந்தக் கருத்தை அவள்தான் மாற்ற வேண்டும். மறுக்கப்பட்டால் ஐ-130 பாதிக்கப்படாது, பொய் சொன்னால் பாதிக்கப்படும். எச்-1பி, எல்-1 வேலை விசாக்களுக்கு இந்தச் சுமை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: எனக்காக விண்ணப்பித்திருந்த என் தந்தை அமெரிக்காவில் இறந்துவிட்டார். விண்ணப்பம் முன்பே அங்கீகரிக்கப்பட்டது. எல்லாம் முடிந்ததா?

பதில்: விண்ணப்பதாரரின் மரணத்தோடு அங்கீகாரம் தானாக ரத்தாகும், ஆயினும் மனிதாபிமான அடிப்படையில் அதை மீட்டுத்தரும்படி குடிவரவுத் துறையைக் கேட்கலாம். மரணத்துக்கு முன் அங்கீகாரம் கிடைத்திருந்தது உங்களுக்குச் சாதகம். நிலுவையில் இருந்திருந்தால், வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கு இந்த வழி கிடைக்காது. தந்தையின் இடத்தில் பொருளாதாரப் பொறுப்பேற்க, அமெரிக்கக் குடிமகனான அல்லது கிரீன் கார்டு வைத்திருக்கும் ஒரு நெருங்கிய உறவினர் வேண்டும். தாய், உடன்பிறந்தார் போன்றோர் ஆகலாம், சித்தப்பாவும் மாமாவும் ஆக முடியாது. மீட்டுத்தருவது அதிகாரியின் விருப்புரிமை. குடும்பத்தில் மற்றவர்கள் அங்கே இருப்பது, நீண்ட காலம் காத்திருந்தது முதலியவற்றை ஆவணங்களோடு எழுதுங்கள்.

கேள்வி: அமெரிக்கக் குடிமகனான நான் திருமணமான மகளுக்காக எஃப்3 பிரிவில் விண்ணப்பித்திருந்தேன். அவளுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. மீண்டும் விண்ணப்பிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அவள் இப்போது சட்டப்படி திருமணமாகாதவள் என்பதால் விண்ணப்பம் எஃப்1 பிரிவுக்கு மாறும், முன்னுரிமைத் தேதி மாறாது, அவளுடைய 21 வயதுக்குட்பட்ட பிள்ளையும் உடன் வரலாம். தீர்ப்பின் சான்றுபெற்ற நகலைத் தேசிய விசா மையத்துக்கு இப்போதே அனுப்பிவிடுங்கள். பிரிவு குறைந்த காத்திருப்புக்கு மாறிவிட்ட நிலையில் அவளுடைய தேதி ஏற்கெனவே வந்துவிட்டிருக்கவும் கூடும்.