ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு: முதல் புத்தகம் பாதியில் நிற்கிறதா?

டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய நகைச்சுவை அறிவியல் புனைகதை 'த ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' திடுதிப்பென்று முடிகிறதே, பக்கம் ஏதும் விடுபட்டதா என்று தோன்றுகிறதா? பெரும்பாலும் உங்கள் பிரதியில் எதுவும் விடுபட்டிருக்காது. 1979இல் வந்த முதல் புத்தகமே அப்படித்தான் முடிகிறது: விண்கலம் கிளம்புகிறது, ஏதாவது கொறிக்கலாம் என்று பேச்சு, அவ்வளவுதான்.

காரணம், இது முதலில் நாவலே அல்ல. 1978 மார்ச்சில் பிபிசி ரேடியோ 4இல் தொடங்கிய வானொலித் தொடர். அதன் முதல் நான்கு பகுதிகளைத்தான் ஆடம்ஸ் இந்தப் புத்தகமாக்கினார். கெடு தாண்டுவதில் மனிதர் பெயர் போனவர். எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தோடு முடித்துக் கொடு என்று பதிப்பகம் ஆளனுப்பி வாங்கிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

சந்தேகம் தீர, கடைசி அத்தியாய எண்ணைப் பாருங்கள். 35 என்றிருந்தால் பிரதி முழுமையானது. அது மிகச் சின்ன அத்தியாயம். நாகரிகங்களின் மூன்று கட்டங்களைச் சாப்பாட்டை வைத்து விளக்கும். 34லேயே நின்றால் மட்டும் கடைக்காரரிடம் போங்கள்.

அடுத்து 1980இல் வந்த 'த ரெஸ்டாரன்ட் அட் தி எண்ட் ஆஃப் த யுனிவர்ஸ்' படியுங்கள்.

ஒன்று மட்டும்: மீதிக் கதையை வானொலிப் பதிவில் கேட்டுவிட்டு இரண்டாம் புத்தகத்துக்குத் தாவாதீர்கள், குழம்பும். வானொலியில் மக்ரதியா கிரகத்தில் கணினி வெடித்து, ஐந்தாம் பகுதியில் நாயகர்கள் நேரே இரண்டாம் புத்தகத்தின் தலைப்பிலுள்ள உணவகத்தில் விழுகிறார்கள். முதல் புத்தகத்திலோ எப்போதும் மனச்சோர்வில் இருக்கும் ரோபோ மார்வின் பேசிய பேச்சில், அவர்களைத் துரத்தி வந்த போலீஸ் கலம் தற்கொலை செய்துகொள்கிறது (மார்வினோடு பேசினால் வேறென்ன ஆகும்). இரண்டாம் புத்தகத்தில் உணவகம் வருவதற்குள், நாயகர்களில் ஒருவனான ஸாஃபோட் ஃப்ராக்ஸ்டார் கிரகம் வரை போய்வர வேண்டும்.