மூன்றாம் ஆண்டு பில்லில் முளைத்த 1,400 டாலர்

கேள்வி: மகன் அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. மூன்றாம் ஆண்டு பில்லில் வழக்கமான டியூஷனுக்கு (கல்விக் கட்டணத்துக்கு) கீழே, ‘டிஃபரன்ஷியல் டியூஷன்’ என்று செமஸ்டருக்கு 1,400 டாலர் தனியாக வந்திருக்கிறது. பொருளியல் படிக்கும் அவன் அறைத்தோழனுக்கு இது இல்லை. தவறுதலாக வந்ததா? மேஜரை (முதன்மைப் பாடத்தை) மாற்றினால் போய்விடுமா? அவன் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருக்கிறான்.

பதில்: தவறாக இருக்க வாய்ப்பு குறைவு. பொறியியல், கணினி அறிவியல், பிசினஸ், நர்சிங் மாணவர்களிடம் மட்டும் பல அரசுப் பல்கலைக்கழகங்கள் இப்படிக் கூடுதலாக வாங்குகின்றன. காரணம் கேட்டால் லேப் செலவு, பேராசிரியர் சம்பளம் என்பார்கள். பொறியியலுக்குச் சரி. பிசினஸ் வகுப்புக்கு என்ன லேப்? சம்பளம் ஒரு பாதிக் காரணம். அந்தப் படிப்புக்கு இருக்கும் கிராக்கி மறு பாதி.

தொகையைப் பார்ப்பதற்கு முன், அது எதை வைத்து விதிக்கப்படுகிறது என்று பாருங்கள். மூன்று முறைகள் உண்டு. முதலாவது, சேர்ந்த நாளிலிருந்தே மேஜரையோ கல்லூரியையோ வைத்து வாங்குவது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் அந்த மாநிலத்து மாணவரே பொறியியல் எடுத்தால், அடிப்படை டியூஷனைவிட ஆண்டுக்குச் சுமார் 5,000 டாலர் அதிகம். இரண்டாவது, மூன்றாம் ஆண்டு நிலையை எட்டியதும் வாங்குவது. மேரிலாந்து பல்கலைக்கழகம் 2015-இல் பிசினஸ், பொறியியல், கணினி அறிவியல் மாணவர்களுக்கு 60 கிரெடிட்டை (ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கும் அலகை) கோடாக வைத்து இதைத் தொடங்கி, மூன்று ஆண்டுகளில் படிப்படியாக ஏற்றி ஆண்டுக்கு 2,800 டாலராக்கியது. உங்கள் பில் இந்த வகையாகத்தான் தெரிகிறது. மூன்றாவது, பாடத்துக்குப் பாடம், கிரெடிட் கணக்கில் வாங்குவது.

வகை மாறினால் கணக்கும் மாறும். முதல் இரண்டு வகைகளில், அந்த செமஸ்டரில் பையன் ஸ்பானிஷும் வரலாறும் மட்டுமே எடுத்தாலும் முழுத் தொகையும் உண்டு, ஏனென்றால் கட்டணம் மேஜருக்கு. மூன்றாவது வகையில் பொருளியல் மாணவர் ஒரு புரோகிராமிங் பாடம் எடுத்தால் அவரும் கட்ட வேண்டும். பெயரை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. ஃபுளோரிடாவில் ‘டியூஷன் டிஃபரன்ஷியல்’ என்பது 2007-இல் சட்டமாக வந்த கட்டணம். அதற்கும் மேஜருக்கும் சம்பந்தமே இல்லை. இளநிலை மாணவர் எல்லோருக்கும் பொது.

பலரும் சறுக்குவது ஏ.பி. கிரெடிட்டில், அதாவது பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடங்களில் தேர்வெழுதிச் சேர்க்கும் கிரெடிட்டில். பள்ளியிலேயே 30 கிரெடிட் சேர்த்துக்கொண்டு வரும் பிள்ளை, முதல் ஆண்டு முடியும்போதே 60-ஐத் தொட்டுவிடும். அங்கே கட்டணம் கிரெடிட்டை வைத்து என்றால் இரண்டாம் ஆண்டிலேயே பில்லில் ஏறும். மூன்றே ஆண்டில் பட்டம் முடித்தால் நட்டமில்லை, இரண்டு ஆண்டுக்கு 5,600 டாலர்தான். நான்கு ஆண்டும் இருந்தால் மூன்று முறை கட்டி 8,400 ஆகும். சில இடங்களில் கிரெடிட்டை விட்டுவிட்டு, படித்த செமஸ்டர்களை எண்ணுவார்கள். ஏ.பி. கிரெடிட்டைக் கணக்கில் ஏற்ற வேண்டாம் என்று கேட்க வழியுள்ள இடங்களிலும் அவசரப்படாதீர்கள். பாடப் பதிவில் யார் முன்னால் என்பதும் பெரும்பாலும் அதே கிரெடிட் கணக்கில்தான். 200 பேர் மோதும் பாடத்தில் பின்வரிசைக்குப் போனால் ஒரு செமஸ்டரே தள்ளிப்போகலாம்.

இனி மேஜர் மாற்றம். மாற்றினால் கட்டணம் போகும், ஆனால் வழக்கமாக அடுத்த செமஸ்டரிலிருந்துதான். மாணவர் கணக்கெடுக்கும் நாள் வகுப்பு தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் வரும். அதற்குப் பிறகு கொடுக்கும் படிவத்தால் நடப்பு பில் குறையாது. அதைவிட முக்கியம், இந்த மாற்றத்தில் மிச்சப்படுவது இரண்டு ஆண்டுக்கு 5,600 டாலர். மூன்றாம் ஆண்டில் மேஜர் மாறினால் விட்டுப்போன அடிப்படைப் பாடங்களுக்காகவே ஒரு செமஸ்டர் கூடும். அந்த ஒரு செமஸ்டரின் டியூஷன், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 5,600-ஐ எளிதில் தாண்டிவிடும். படிப்பு பிடிக்கவில்லை என்றால் மாற்றட்டும். கட்டணத்துக்காக என்றால் வேண்டாம். மேஜரை அறிவிக்காமல் இழுத்தடிக்கும் யோசனையும் சிலர் சொல்வார்கள். மேல்நிலைப் பாடங்களில் மேஜர் மாணவருக்கே முதலிடம் என்பதால் அதுவும் கையைக் கடிக்கும்.

நியாயமாகக் குறைக்க இடமிருப்பது கடைசி செமஸ்டரில். 12 கிரெடிட் முதல் ஒரே தொகை, அதற்குக் கீழே கிரெடிட் வாரியாக என்பது பல இடங்களில் விதி. மீதம் 6 கிரெடிட்தான் என்றால் கூடுதல் கட்டணமும் அந்த விகிதத்தில் குறையும். எஃப்-1 (மாணவர் விசா) மாணவர் கடைசி செமஸ்டரில் 12-க்குக் கீழே போகப் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். எச்-4-க்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

உதவித்தொகைக் கடிதத்தை எடுத்து மறுபடி படியுங்கள். ‘முழு டியூஷன்’ என்று இருந்தாலும் பல உதவித்தொகைகள் அடிப்படை டியூஷனை மட்டுமே கட்டும். பல்கலைக்கழக ஊழியர் பிள்ளைகளுக்கான சலுகை, டியூஷனை முன்கூட்டியே கட்டிவைக்க மாநிலங்கள் நடத்தும் திட்டங்கள் ஆகியவற்றிலும் இதே இடைவெளி வரலாம். 529 கணக்கிலிருந்து (வரிச்சலுகையுள்ள கல்விச் சேமிப்புக் கணக்கு) இந்தத் தொகையைத் தாராளமாகக் கட்டலாம். பணம் எடுப்பதும் பில் கட்டுவதும் ஒரே காலண்டர் ஆண்டில் இருக்கட்டும். ஜனவரி பில்லுக்கு டிசம்பரில் எடுத்துவிட்டு வரிக் கணக்கில் திண்டாடுபவர்கள் அதிகம்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைகளுக்கு மத்திய அரசின் மாணவர் கடன் உண்டு. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு அதன் வரம்பு இரண்டாம் ஆண்டில் 6,500 டாலர், மூன்றாம் ஆண்டில் 7,500. வரம்பு கூடுவது ஆயிரம், பில் கூடுவது 2,800. மீதி 1,800-க்கு இரண்டாம் ஆண்டிலேயே வழி பார்த்து வைக்க வேண்டும். நிதி உதவி அலுவலகத்தில், படிப்புச் செலவு மதிப்பீட்டில் இந்தக் கட்டணத்தைச் சேர்த்தார்களா என்று கேளுங்கள். பொது மதிப்பீட்டை அப்படியே போட்டிருந்தால் திருத்தச் சொல்லலாம்.

உங்கள் மகனுக்கு எச்-4 என்பதால் மத்திய அரசுக் கடனோ மானியமோ கிடையாது. வரியிலும் கவனம் தேவை. அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி என்ற வரிச்சலுகை ஆண்டுக்கு 2,500 டாலர் வரை கிடைக்கக்கூடியது, கூடுதல் டியூஷனும் அதில் சேரும். ஆனால் 2026 வரி ஆண்டு முதல் அதற்கு வேலை செய்யத் தகுதியான சமூகப் பாதுகாப்பு எண் வேண்டும். ஐடின் எண் (அந்த எண் கிடைக்காதவர்களுக்கான வரி எண்) மட்டும் உள்ள பிள்ளைக்காகக் கோர முடியாது.

கட்டணம் வசூலிக்கும் பர்சார் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுவதைவிட மின்னஞ்சல் நல்லது. மூன்று கேள்வி போதும்: கட்டணம் மேஜருக்கா, கிரெடிட்டுக்கா, செமஸ்டருக்கா? டபுள் மேஜர் (இரண்டு மேஜர்) என்றால் கட்டணம் ஒன்றா, இரண்டா? வெளிநாட்டில் படிக்கும் செமஸ்டரிலும், படிப்பின் பகுதியான கோ-ஆப் வேலைக்குப் போகும் செமஸ்டரிலும் உண்டா? பதிலைச் சேமித்து வையுங்கள், ஆலோசகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. 1,400-ஐவிட அதுதான் பெரியது. மூன்றாம் ஆண்டு என்றால் பையனுக்கு 20 அல்லது 21 வயது. 21 முடிந்தால் எச்-4 முடிந்தது, எஃப்-1-க்கு மாற வேண்டும். எஃப்-1 ஆனதும் சில மாநிலங்களில் உள்மாநிலக் கட்டணத் தகுதி (அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்) பறிபோகும். சில மாநிலங்களில் தொடரும். போனால் வித்தியாசம் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர். நிலை மாற்ற விண்ணப்பமான ஐ-539-ஐப் பிறந்தநாளுக்குப் பல மாதம் முன்பே கொடுங்கள். அதற்கும் முன்னதாக, குடியிருப்புத் தகுதியை முடிவு செய்யும் அலுவலகத்திடம் அடுத்த ஆண்டுக் கட்டணம் எந்த விகிதத்தில் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.