பயிற்சிக்குக் கட்டிய பணம், சொல்லாமல் போன ஆள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஐஸ் பிளான்ட் நடத்துகிறேன். கம்ப்ரசர் ஓட்டும் பையனை அம்மோனியா பிளான்ட் பயிற்சிக்குச் சென்னை அனுப்பினேன். கட்டணம் 18,000, தங்கல் சாப்பாடு 6,000, போக்குவரத்து 2,400 ரூபாய். திரும்பி வந்து ஐந்து மாதம் வேலை பார்த்தார். அப்புறம் ஒருநாள் ஆளைக் காணோம், போனும் சுவிட்ச் ஆஃப். துபாய் போய்விட்டாராம். ஒரு வருடம் இருப்பதாக வாயால் சொன்னதுதான், எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. பணம் திரும்புமா? அடுத்த ஆளை அனுப்பலாமா?
– ஐஸ் பிளான்ட் உரிமையாளர், மண்டபம்

பதில்: இந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான் என்றாலும், ‘ஒரு வருடம் இருப்பேன்’ என்று அவர் ஒத்துக்கொண்டதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆளோ கடல் கடந்துவிட்டார். போலீஸுக்கும் போகாதீர்கள். வேலையை விட்டுப் போவது குற்றமல்ல. அவர் வேலை பார்த்த நாட்களின் சம்பளம் பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். சம்பளத்தில் பிடிக்கலாம் என்று அந்தச் சட்டம் அடுக்கும் இனங்களில் பயிற்சிச் செலவு இல்லை. சம்பளத்தை நிறுத்தினால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

அடுத்த ஆளைத் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் பயிற்சிக்குக் கிளம்பும் முன்பே, ஒப்பந்தத்தைத் தமிழில், முத்திரைத்தாளில் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை அவர் கையில் கொடுங்கள். திரும்பி வந்த பிறகு கையெழுத்துக் கேட்பது மிரட்டல் மாதிரி ஆகிவிடும். பதினெட்டு வயது நிரம்பாதவரின் கையெழுத்து செல்லாது. ஆதாரில் பிறந்த தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் விலகினால் தர வேண்டிய தொகை எவ்வளவு போடுவது? ரசீது இருக்கும் செலவை மட்டும் போடுங்கள். உங்கள் கணக்கில் 26,400 ரூபாய். பன்னிரண்டு மாதம் என்று வைத்தால் மாதம் 2,200 கழியும். ஐந்து மாதத்தில் போனால் 11,000 கழிந்து, பாக்கி 15,400. இப்படி இறங்கிக்கொண்டே வரும் தொகைதான் கோர்ட்டில் நிற்கும். பயமுறுத்துவதற்காக இரண்டு லட்சம் என்று எழுதுகிறவர்கள் தங்கள் கேஸைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். கிடைப்பது அதற்குள் நியாயமான ஈடு. பயிற்சி நாட்களின் சம்பளத்தை இந்தத் தொகையில் சேர்க்காமல் விட்டால் வம்பு குறையும்.

‘விலக ஒரு மாத முன்னறிவிப்பு, இல்லையேல் அந்த மாதச் சம்பளம்’ என்ற வரியும் அதிலேயே இருக்கட்டும். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் உள்ள ஒரு மாத நோட்டீஸ் விதி முதலாளி ஆளை நிறுத்துவதைப் பற்றியது. தொழிலாளி எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது உங்கள் தாளில் இருந்தால்தான் உண்டு.

இனி ஒருவர் வராமல் நின்றால் மூன்றாம் நாளே வீட்டு முகவரிக்கு ஒப்புகையோடு தபால் அனுப்புங்கள். பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு. 15,400 ரூபாய்க்கு வக்கீல் வைப்பது கட்டுப்படியாகாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) பேசுங்கள். அங்கே எழுதும் உடன்பாட்டுக்குக் கோர்ட் தீர்ப்பாணையின் பலம் உண்டு.

நம் கரையில் பையன்கள் ஏன் சொல்லாமல் போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். விசா வந்தால் சில நாளில் டிக்கெட். ‘விசாவுக்குக் கொடுத்திருக்கிறேன்’ என்று முன்கூட்டிச் சொன்னால், அன்றைக்கே ஷிப்டை வெட்டிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் பல இடங்களில் உண்மைதான். ‘முன்னால் சொல்கிறவரைக் கடைசி நாள்வரை வேலையில் வைத்திருப்போம், அன்றே கணக்கு முடிப்போம்’ என்று அதே தாளில் எழுதிக் கொடுங்கள். இந்த ஒரு வாக்குறுதி முன்னறிவிப்பை வாங்கித் தரும் அளவுக்கு எந்த அபராதமும் வாங்கித் தராது. இன்னொன்று, சர்டிபிகேட்டோடு வந்தவருக்குப் பழைய சம்பளமே கொடுத்தால் யார் இருப்பார்கள்? வந்த மாதமே கொஞ்சமாவது கூட்டுங்கள்.

பயிற்சிக்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்பதால் ஐஸ் தேவையும் குறைவு. பன்னிரண்டு மாதக் கணக்கை ஜூன் 15இல் தொடங்குங்கள்.

பிளான்ட் ஒரே ஆள் கையில் இருப்பதுதான் பெரிய ஆபத்து. சக்ஷன் பிரஷர் (கம்ப்ரசர் இழுக்கும் பக்க அழுத்தம்), டிஸ்சார்ஜ் பிரஷர் (வெளியே தள்ளும் பக்க அழுத்தம்), பிரைன் எனும் உப்புநீர்த் தொட்டியின் வெப்பநிலை மூன்றையும் மணிக்கொரு தரம் நோட்டில் எழுத வையுங்கள். டிஸ்சார்ஜ் மெல்ல மெல்ல ஏறினால், அம்மோனியாவைக் குளிர்விக்கும் கண்டன்சரில் உப்பும் பாசியும் படிந்திருக்கலாம், அல்லது லைனில் காற்று சேர்ந்திருக்கலாம். பழைய ஆள் போன பின்பும் அந்த நோட்டு காட்டிக்கொடுக்கும். எந்த வால்வு எதற்கு என்று தகட்டில் எண் போட்டுத் தொங்கவிடுங்கள். ஆயில் வடிப்பது, காற்று எடுப்பது இரண்டையும் இரண்டாவது ஆள் பழைய ஆளோடு நின்று செய்து பழகட்டும். அம்மோனியா விஷயத்தில் அரைகுறையாகத் தெரிந்தவரைத் தனியே விடாதீர்கள்.

கேள்வி: பாம்பனில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். கொச்சியில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று வருடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு லட்சம் என்று பாண்ட். ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்டும் அவர்களிடம். நோட்டீஸ் இல்லாமல் விலகிவிட்டேன். 18 நாள் சம்பளமும் தரவில்லை.
– வாசகி, பாம்பன்

பதில்: சொல்லாமல் விலகியது உங்கள் பக்கத் தவறு, அதை முதலில் சரி செய்யுங்கள் அம்மா. விலகிய தேதியைக் குறித்து இன்றே ராஜினாமாக் கடிதம் தபாலில் அனுப்புங்கள். அதே கடிதத்தில் சர்டிபிகேட்டையும் 18 நாள் சம்பளத்தையும் கேளுங்கள். பயிற்சி ரசீதுகளின் நகலைக் கேட்டு, நியாயமான பாக்கியைத் தவணையில் தரத் தயார் என்றும் எழுதுங்கள். ‘பாண்ட் எதுவுமே செல்லாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அது ஒரு பொதுத்துறை வங்கியின் ஆள்தேர்வுச் செலவைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. பத்து நாள் பயிற்சிக்கு ஒரு லட்சம் செலவானது என்று உங்கள் நிறுவனம் கணக்குக் காட்டியாக வேண்டும்.

சர்டிபிகேட்டை அடமானம்போல் வைத்திருக்க அவர்களுக்கு உரிமை இல்லை. சம்பளத்துக்கு ராமநாதபுரம் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையும் வருகைப் பதிவின் போட்டோவும் போதும். வேறு ஏற்றுமதிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று பாண்டில் இருந்தால், விலகிய பிறகு அந்த வரி ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி செல்லாது.

கேள்வி: போட் டிரைவருக்கு 40,000 அட்வான்ஸ் கொடுத்து, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் காட்டும் கருவி) எல்லாம் ஆள் வைத்துக் கற்றுக்கொடுத்தேன். இப்போது வேறு போட்டில் ஏறிவிட்டார். அட்வான்ஸைத் தீர்க்காமல் போகக்கூடாது என்று தடுக்கலாமா?
– படகு உரிமையாளர், ராமேஸ்வரம்

பதில்: தடுக்கவே கூடாது. கடனைக் காட்டி ஒருவரை வேறு இடத்தில் வேலை செய்ய விடாமல் வைப்பது 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும். மூன்று வருடம்வரை சிறை. 40,000 ரூபாயைத் தனிக் கைமாற்றாகப் பாருங்கள், வேலையோடு முடிச்சுப் போடாதீர்கள். மீன்பிடிப் பங்கில் இதுவரை கழிந்தது எவ்வளவு என்று இருவரும் உட்கார்ந்து எழுதி, பாக்கிக்கு அவரிடம் புரோநோட் (கடன் உறுதிச்சீட்டு) வாங்குங்கள். கற்றுக்கொடுத்த செலவை அதில் ஏற்ற வேண்டாம். அதைப் பற்றி முன்பு பேச்சே நடக்கவில்லை.