நிலம் நாட்டுக்குச் சொந்தம், மான் மட்டும் மாநிலத்துக்கா?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள தேசியக் காடு தன் வரிப்பணத்திலும்தானே நடக்கிறது, பிறகு வெளிமாநிலத்தவருக்கு மட்டும் வேட்டை உரிமம் ஏன் இவ்வளவு விலை என்பது வெளிமாநில வேட்டைக்காரர் ஒருவரின் கேள்வி.

நிலம் வேறு, விலங்கு வேறு. அந்தக் காட்டில் நடக்கவும் கூடாரம் போடவும் எல்லா அமெரிக்கருக்கும் ஒரே உரிமைதான். அங்கே மேயும் எல்க் மானைச் சுட அனுமதி தருவது மாநிலம். உள்ளூர்க்காரர் 9 டாலருக்கு எல்க் உரிமம் வாங்க, வெளியார் பல விலங்குகளுக்கும் சேர்த்து 225 டாலர் கூட்டு உரிமம் வாங்க வேண்டியிருந்ததை எதிர்த்த பால்ட்வின் வழக்கு 1978இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பொழுதுபோக்கு வேட்டை அடிப்படை உரிமையில் சேராது என்றது தீர்ப்பு. வெளியாருக்குக் கிடைக்கும் வேட்டை அனுமதிகளுக்கு அரிசோனா மாநிலம் வைத்த 10% உச்சவரம்பை 2002இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கேள்விக்குள்ளாக்கியது. 2005இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், மாநிலங்கள் இப்படி வேறுபடுத்தலாம் என்று தனிச்சட்டம் போட்டு அந்த வழியையும் அடைத்துவிட்டது. இனி நீதிமன்றம் போவது வீண்செலவு என்பேன்.

பலர் சறுக்குவது பக்கத்து மாநிலமான வயோமிங்கில். அங்கே கூட்டாட்சி அரசு வனாந்தரம் என அறிவித்த பகுதிகளில் பெருவிலங்கு வேட்டைக்குப் போகும் வெளியார், உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். உள்ளூர் நண்பர் இருந்தால் அவரே இலவச வழிகாட்டி அனுமதி எடுத்துக் கூட வரலாம். மலையேற மட்டும் போனால் யாரும் தேவையில்லை; வேடிக்கையான விதிதான்!

வீடு வாங்கிவிட்டால் உள்ளூர்வாசி ஆகிவிட முடியாது. மொன்டானாவில் தொடர்ந்து 180 நாள், வயோமிங்கில் ஓராண்டு குடியிருக்க வேண்டும். இடையில் வேறு மாநிலத்தில் உள்ளூர்வாசிக்கான வேட்டை உரிமம் எடுத்தால் அந்தத் தகுதி போய்விடும்.