பின்னங்களின் பகுதி (கீழே உள்ள எண்) வேறானால் எப்படிக் கூட்டுவது?

வணக்கம். என் மகள் தரம் 6இல் படிக்கிறாள். பின்னக் கூட்டலில் சிக்கி நிற்கிறாள். 1/2 + 1/3 கேட்டால் 2/5 என்று எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) காணச் சொல்கிறார்கள். பம்பலப்பிட்டி ரியூஷன் ரீச்சரோ வண்ணத்துப்பூச்சி கீறிக் குறுக்கே பெருக்கக் காட்டிக்கொடுத்திருக்கிறார். அந்த முறையில் 5/6 சரியாக வந்தது. மறுநாள் 1/2 + 1/3 + 1/4 கொடுத்தேன். 3/9 என்றாள். முறையைப் பாடமாக்கினால் போதும் என்கிறார் கணவர். நான் எந்த முறையைச் சொல்லிக்கொடுக்க?

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

எந்த முறை என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். மகளிடம் முதலில் இதைக் கேளுங்கள்: 2/5 அரையை விடப் பெரியதா, சிறியதா? சிறியது. அரையோடு இன்னும் கொஞ்சத்தைக் கூட்டியபின் அரையை விடக் குறைந்து போகுமா? 3/9 இன்னும் மோசம், அது வெறும் மூன்றில் ஒன்று. இது உறைத்த பிள்ளை தானே அழித்துவிட்டுத் திரும்பச் செய்யும். உறைக்காத பிள்ளைக்கு எந்த முறையைக் கொடுத்தாலும் மறுநாள் கைவிட்டுப் போகும்.

இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 1978இல் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 கிட்டத்தட்ட எவ்வளவு என்று கேட்டார்கள். தெரிவுகள் 1, 2, 19, 21. இரண்டும் ஏறக்குறைய ஒவ்வொன்று, ஆகவே விடை 2. அதைத் தொட்டவர்கள் 24 சதவீதம்தான். 19ஐயும் 21ஐயும் தொட்டவர்கள் அதைவிட அதிகம். மேலே உள்ளதைக் கூட்டினால் 19, கீழே உள்ளதைக் கூட்டினால் 21!

ஆனால் 2/5 என்று எழுதிய பிள்ளையை மொக்கு என்று சொல்லிவிடாதீர்கள். அவள் அப்படிக் கூட்டுவதற்கு நாங்களும் ஒரு காரணம். போன வருடம் முழுக்கப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடிய பிள்ளைதானே? முதல் தாளில் 100க்கு 70, இரண்டாம் தாளில் 100க்கு 80, மொத்தம் 200க்கு 150. சிவப்பு மையில் 70/100, 80/100, 150/200 என்று எத்தனை தரம் பார்த்திருப்பாள்! மேலோடு மேலையும், கீழோடு கீழையும் கூட்டிப் பெரியவர்களே எழுதுகிறார்கள், அது சரியும்கூட. ஏனென்றால் அங்கே தாள் இரண்டு. இரண்டாவது தாள் வந்ததும் மொத்தமும் பெருத்துவிடுகிறது. பின்னக் கணக்கில் அப்படியில்லை. 1/2உம் 1/3உம் ஒரே அளவான ஒன்றிலிருந்து வந்தவை, கூட்டும்போது அந்த ஒன்று பெருப்பதில்லை. இந்த வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் குறைவு என்பது என் எண்ணம். நீங்கள் சொல்லுங்கள்.

அப்புறம் அவளுடைய சதுரக்கோட்டுக் கொப்பியை எடுங்கள். ஒரே வரிசையில் சில பெட்டிகளைச் சுற்றிக் கோடு போட்டு, 'இந்தப் பட்டை முழுவதும்தான் ஒன்று. இதிலே அரையையும் மூன்றில் ஒன்றையும் பெட்டி உடையாமல் நிறந்தீட்டு' என்று கொடுங்கள். எத்தனை பெட்டி என்பதை நீங்கள் சொல்லவேண்டாம். 7 பெட்டி எடுப்பாள், அரைக்கே ஒரு பெட்டியை வெட்டவேண்டி வரும். 8 எடுப்பாள், அரை 4 என்று சந்தோஷமாகத் தீட்டிவிட்டு மூன்றில் ஒன்றில் முட்டி நிற்பாள். பொறுத்திருங்கள். இந்த இடத்தில்தான் அம்மாமாருக்கு வாய் துறுதுறுக்கும். 6க்கு வந்ததும் 3 பெட்டி, 2 பெட்டி, சேர்ந்து 5 பெட்டி. 5/6 கண்ணுக்கு முன்னால் கிடக்கும். 1/4ஐயும் சேர்க்கச் சொன்னால் 6 போதாது. 12 வேண்டும்: 6, 4, 3, மொத்தம் 13. பன்னிரண்டு பெட்டிப் பட்டையில் பதின்மூன்று பெட்டி! ஒன்றைத் தாண்டிவிட்டது. பொ.ம.சி. என்று பள்ளிக்கூடத்தில் தேடச் சொல்வது இந்த 12ஐத்தான்.

கொப்பி கையில் இல்லாத நேரத்தில் மணிக்கூடு உதவும். அரை மணித்தியாலம் 30 நிமிடம், மூன்றில் ஒன்று 20 நிமிடம், கூட்டினால் 50 நிமிடம். காலி வீதியில் பஸ் நெரிசலில் நிற்கும்போது கேட்க நல்ல கணக்கு. எங்கள் பழைய ஆட்களும் இப்படித்தான் ஒரு சின்ன அலகுக்கு இறங்கிக் கணக்குப் பார்த்தார்கள். அந்தச் சின்ன அலகின் பெயர் முந்திரி, ஒன்றுக்கு 320 முந்திரி. கால் என்றால் 80 முந்திரி, ஒரு மா, அதாவது இருபதில் ஒன்று, என்றால் 16 முந்திரி, இரண்டும் சேர்ந்து 96. ஆனால் 320ஐ மூன்றால் பிரிக்க முடியாது, மூன்றில் ஒன்று அதற்குள் அடங்காது. உங்கள் மகளின் 8 பெட்டிப் பட்டைக்கு வரும் அதே கஷ்டம்தான்.

இனி வண்ணத்துப்பூச்சி. அதில் பிழையில்லை, ரீச்சரோடு சண்டைக்குப் போகவேண்டாம். இரண்டு பின்னத்துக்கு எப்போதும் சரியாக வரும். என்ன, 1/6 + 3/8 என்றால் குறுக்கே பெருக்கி மேலே 8 + 18, கீழே 6 × 8 என்று 26/48 வரைக்கும் ஏறிப்போய், பிறகு 13/24க்குச் சுருக்க வேண்டும். பெட்டியில் 24 எடுத்தால் 4உம் 9உம் என்று நேரே 13. மூன்று பின்னம் வந்தால் பூச்சிக்குச் சிறகு போதாது, அதைத்தான் நீங்களே பார்த்துவிட்டீர்களே. கணவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது: வாய்ப்பாடு பாடமில்லாத பிள்ளைக்கு 24 சட்டென்று தோன்றாது. வாய்ப்பாட்டைப் பாடமாக்கட்டும்.

இந்தக் கிழமைக்கு 2/3 + 3/5 கொடுத்துப் பாருங்கள். கீறுவதற்கு முதல், விடை ஒன்றைத் தாண்டுமா என்று கேளுங்கள். இரண்டுமே அரையை விடப் பெரியவை என்று அவள் சொன்னால் பாதி வேலை முடிந்தது. 15 பெட்டிப் பட்டையில் 10உம் 9உம் இடம் போதாமல் நிற்கும்போது பிழை என்று அழிறப்பரை எடுப்பாள். விடாதீர்கள். பக்கத்திலே இன்னொரு 15 பெட்டிப் பட்டை கீறி, மிச்சம் நாலையும் அதிலே தீட்டச் சொல்லுங்கள்.